அளவுகோலும் இழையெண்ணும்: கைவினையிற் குறையென்பது யாது?

கைத்தொழிலைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் அதன் நேர்த்தியையே புகழ்ந்து பேசுவர். கோணாத கோடு, ஒத்த அளவு, ஓரிடத்தும் மாறாத நிறம் என்னும் இவையே கைத்திறனுக்கு அடையாளம் என்பது பொதுக்கொள்கை. யாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்து எம்மைவிட்டு நீங்கிய வகையை நம் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். அதனை எமக்குக் கற்பித்தவர் பேராசிரியர் எவரும் அல்லர்; இரண்டாம் ஆண்டு வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தியே.

கல்லூரியின் கைத்தொழிற் காட்சியிற் பொருள்களைத் தேர்ந்து மதிப்பெண் இடும் பொறுப்பு எம்மேல் வந்தது. மேசைமேல் வைத்திருந்தவற்றுள் தோட்பை ஒன்று இருந்தது. கைத்தறியில் நெய்த கருநீலப் பருத்தித் துணியில் செந்நூலும் வெண்ணூலும் மஞ்சள் நூலும் கொண்டு நெருக்கமாகப் பூத்தையல் இட்டிருந்தது. நடுவே கண்ணாடிச் சில்லு ஒன்று. அதனைச் சூழ்ந்து சதுரங்கள். தருமபுரி மாவட்டத்துத் தாண்டா ஒன்றிலிருந்து வந்த லம்பாடி மாணவி அதனைத் தைத்தவள். பார்வைக்கு அது மிகவும் இனிதாயிருந்தது. ஆயினும் யாம் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தோம். சதுரம் என்று யாம் கொண்டது அகலத்தில் இரண்டு அங்குலமும் நீளத்தில் ஏறக்குறைய இரண்டரை அங்குலமுமாக நின்றது. செம்மையும் ஒரே செம்மையாக இல்லை. சிலவிடத்து மாதுளம்பூப்போலவும் சிலவிடத்துச் செங்கற்பொடிபோலவும் இருந்தது. ‘அளவு பிழை, நிறம் பிழை’ என எழுதிப் பத்து மதிப்பெண் குறைத்தோம். பரிசு வேறொரு பொருளுக்குப் போயிற்று.

முடிவைச் சொன்ன பின்னர், அம்மாணவி பையை எடுத்துச் செல்ல வந்தாள். யாம் காரணம் கூறினோம். அவள் சிறிது நேரம் பேசாமல் நின்று, “ஐயா, கோலால் அளந்தால் அப்படித்தான் வரும். இழையை எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும்” என்றாள். அவ்வளவே சொன்னாள். குரலிற் சினமில்லை. அவள் விடைபெறுமுன் யாம் பையை ஒருநாள் எம்மிடம் விட்டுச் செல்லும்படி கேட்டுக்கொண்டோம்.

அன்றிரவு உருப்பெருக்காடி ஒன்றை வைத்துக்கொண்டு எண்ணினோம். அத்துணியில் ஓரங்குல அகலத்தில் இருபத்துநான்கு பாவிழைகள் இருந்தன. ஓரங்குல நீளத்தில் ஊடையிழைகள் இருபதே இருந்தன. சதுரமோ இருபுறமும் நாற்பத்தெட்டு இழை கொண்டது. நாற்பத்தெட்டை இருபத்துநான்கால் வகுத்தால் இரண்டங்குலம். இருபதால் வகுத்தால் இரண்டங்குலமும் அதன்மேல் ஐந்தில் இரண்டு பங்கும். நான்கு மூலையிலும் ஓரிழைகூடக் கூடுதல் குறைவு இல்லை. கணக்குத் தவறாதவள் அவள், தவறியவர் யாமே. துணியே சதுரமாக நெய்யப்படாதிருக்க, அதன்மேல் நின்ற சதுரத்தைப் பிழையென்றோம்.

இவ்விடத்து அத்தையலின் முறையைச் சற்று விளக்குதல் வேண்டும். பூத்தையல்களுள் துணிமேல் முன்னரே கோலம் வரைந்துகொண்டு அதன்வழி ஊசியை ஓட்டுவது ஒருவகை. லம்பாடி மகளிரின் பழைய தையல்களுட் பல அவ்வகையின அல்ல. அவற்றில் வரைகோடு கிடையாது. துணியின் பாவும் ஊடையுமே கட்டமிட்ட தாளாக நிற்கும். இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடுத்தல் என்னும் எண்ணே வடிவத்தை ஆக்குகின்றது. ஆகவே நெய்தவன் கை தைப்பவள் கைக்குள் புகுந்துவிடுகின்றது. ஓரிடத்து ஊடை நெருங்கினால் பூ குறுகும். நெகிழ்ந்தால் பூ நீளும். ஆலைத்துணியில் இவ்வேறுபாடு பெரும்பாலும் புலப்படாது; கைத்தறித் துணியிலோ கண்ணுக்குத் தெரியும். தைப்பவள் இதனை அறிந்தே தொடங்குகின்றாள். முடிந்த பூ எத்துணை நீளமாக வரும் என்று அவள் முன்கூட்டிச் சொல்ல இயலாது. எத்தனை இழை என்று மட்டும் சொல்ல இயலும். எண் அவளுடையது, அளவு துணியினுடையது.

இத்தையல் இம்மாவட்டத்திற் பிழைத்திருப்பதே ஒரு வியப்பு. லம்பாடிகள் வடமேற்கு இந்தியாவினின்று தெற்கே பரவியவர். அவர்தம் மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது, தனக்கென எழுத்தில்லாதது. பொதியெருதுகளின்மேல் உப்பும் தானியமும் ஏற்றிப் படைகளின் பின்னே செல்லுதல் அவர்க்குத் தொழிலாயிருந்தது. 1791இல் காரன்வாலிசு பிரபு திப்புசுல்தான்மேற் படையெடுத்த காலத்திலும் அப்படைக்குத் தானியம் கொணர்ந்தவர் இவர்களே. அப்போரின் முடிவில், 1792இல், தருமபுரியை உள்ளிட்ட பாராமகால் நாடு கும்பினியார் கைக்கு வந்தது. பின்னர்ச் சாலைகளும் இருப்புப்பாதையும் பெருகவே பொதியெருது வாணிகம் அற்றுப்போயிற்று. ஓடித்திரிந்தவர் ஊன்றித் தங்கி, உழவும் கூலியும் மேற்கொண்டனர். வழிநடையிலே தைத்த பாவாடையும் கச்சும் முக்காடும் பெட்டிக்குட் போயின. அண்டையூரார் உடுத்தும் புடைவையே இளையோர்க்கும் உடையாயிற்று.

அரூர் வட்டத்தில் மலைகள் சூழ்ந்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே மலையாளிப் பழங்குடியினர் மிகுதி. லம்பாடிகளும் தாண்டாக்களில் வாழ்கின்றனர். 1993இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதா ரெஜியும் அங்குச் சென்று பழங்குடியினர்க்கு மருத்துவப் பணி தொடங்கினர். அப்பணியின் கிளையாகவே, தையல் மறைந்து வருதலை உணர்ந்த மருத்துவர் லலிதாவின் முயற்சியால், 2006ஆம் ஆண்டளவில் பூத்தையலை மீட்கும் வேலை பிறந்தது. அக்காலத்தில் அதனை முழுதும் அறிந்திருந்தவர் மூதாட்டியர் மிகச் சிலரே. அவர்பால் இளம்பெண்கள் அமர்ந்து கற்றனர். அம்மகளிர் சங்கத்துக்குப் ‘போர்கை’ என்று பெயர். லம்பாடி மொழியில் அதற்குப் பெருமிதம் என்பது பொருள்.

ஒரு தலைமுறை இடைவிட்டுப்போன கலையை மீளக் கற்போர்க்கு எண் ஒன்றே துணை. பழந்துணியின் மறுபுறத்தைத் திருப்பி ஊசி சென்ற வழியை எண்ணிப் பார்த்தால் பாட்டியின் கணக்குப் பேத்திக்குக் கிடைக்கும். அங்குலத்தால் அளந்து குறித்துக்கொண்டால் அது கிடையாது. வேறு தறித்துணியில் அவ்வங்குலம் வேறு எண்ணாகிவிடும். யாம் பிழையென்று கழித்தது, அக்கலை உயிரோடு கைமாறுதற்கு உரிய வழியாகவே இருந்ததென்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

இனி, நிறத்தைப் பற்றி. மறுநாள் அம்மாணவி வந்தபோது செம்மை வேறுபட்டதன் காரணத்தைக் கேட்டோம். பாதி தைத்தவளவில் நூற்கண்டு தீரும்போல் இருந்ததாம். கடைக்குச் சென்றால் அதே எண் குறித்த கண்டு கிடைத்தது, ஆனால் வேறு தொட்டியிற் சாயம் ஏறியது, நிறம் ஒவ்வவில்லை. அப்படியே தொடர்ந்திருந்தால் பையின் ஒருபாதி ஒரு நிறமாகவும் மறுபாதி வேறு நிறமாகவும் பிரிந்து நின்றிருக்கும். அவள் இரண்டு மாலைப்பொழுது தைத்ததைப் பிரித்துவிட்டு, பழைய செம்மையை மூலைகளுக்கும் புதிய செம்மையை நடுவிற்கும் வகுத்து, இரண்டும் ஒன்றுவிட்டொன்று வரும்படி மீளத் தைத்தாள். “முதலில் அழுகை வந்தது ஐயா. பிறகு பார்த்தால் முன்னை விட நன்றாயிருந்தது” என்றாள். தற்செயலாக வந்த குறையை அவள் மறைக்கவுமில்லை, வந்தபடியே விட்டுவிடவுமில்லை. அதற்கோர் இடம் வகுத்தாள்.

பையின் உட்புறத்திலே ஓரிடத்து நூல்முனை முடியாமல் விட்டிருந்தது. அதனைச் சுட்டியபோது நாணி நகைத்து, “அது என் சோம்பல்தான்” என்று ஒப்புக்கொண்டாள். அம்முனை ஆறு மாதத்தில் அவிழும். கண்ணாடிச் சில்லும் உடன் விழும். மெய்யாகவே மதிப்பெண் குறைத்தற்குரிய குறை அஃதொன்றே. எம் அளவுகோல் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. யாம் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை.

மேல்நாட்டாரும் இவ்வாராய்ச்சியில் இறங்கியிருக்கின்றனர். ஆங்கில நாட்டு ஜான் ரஸ்கின் 1853இல் வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைக் குறித்து எழுதிய நூலில், கைவினைஞனிடத்துப் பழுதற்ற நேர்த்தியையே வற்புறுத்திக் கேட்டால் அவன் சிந்திக்கும் மனிதனாக இராமற் கருவியாகிவிடுவான் என்று வாதித்தார். பின்னர், இலண்டன் அரச கலைக்கல்லூரியில் மரச்சாமான் அமைப்புக் கற்பித்த டேவிட் பை என்பார் 1968இல் வெளியிட்ட நூலில் வேலையை இருவகையாகப் பகுத்தார். தொடங்குமுன்னரே முடிவு உறுதியான வேலை ஒன்று. அச்சுக்கூடத்து வேலை அத்தகையது. செய்யுங்காலத்து ஒவ்வொரு கணமும் கெடக்கூடிய வேலை மற்றொன்று. பேனாவால் எழுதுதல் அத்தகையது. இரண்டாவதில் பொருளின் நன்மை, செய்பவன் கவனத்தையும் கைப்பழக்கத்தையும் பொறுத்து நிற்கின்றது. இருவருள் ரஸ்கினார் உள்ளத்தைத் தொடுவாரேனும், வகுப்பறைக்குப் பயன்படுபவர் பை என்பாரே என்பது எம் கருத்து. கரடுமுரடாகச் செய்வதெல்லாம் உயர்வென்று அவர் சொல்லவில்லை. கெடக்கூடிய வேலையைக் கெடாமற் செய்தலும் அவர்க்கு மதிப்புடையதே.

இதனை ஏட்டளவில் விடாது செய்து பார்க்கக் கருதி, எம் கைத்தொழில் வகுப்பு மாணவர் பதினால்வரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினோம். வீட்டிற் செய்து பார்க்க விரும்புவோர்க்காக அதன் முறையைக் கூறுகின்றோம். சேர்வராயன், கல்வராயன், சித்தேரி மலைப்பக்கங்களிற் கடுக்காய் கிடைக்கும். அதனை இடித்து நீரில் ஓரிரவு ஊறவிட்டு வடிகட்டி, வெளுத்த பருத்தித் துணியை அதில் நனைத்து உலர்த்த வேண்டும். துணி இளமஞ்சளாகும். பின் அதனைச் சற்று ஈரமாக்கி, துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை இடையிட்டுச் சுருட்டி, நூலால் இறுகக் கட்டி ஓரிரவு வைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடிக் கருமையாகும். முற்காலத்து எழுதுமை செய்ததும் இத்தகைய சேர்க்கையாலேயே. காலையிற் பிரித்தால் எங்கே இரும்பு தொட்டதோ அங்கே கரிய உருவமும், ஈரம் பரவிய வழியிற் சாம்பல்நிறப் படர்வும் காணலாம்.

பதினான்கு துணியும் பதினான்கு விதமாயின. ஆணி வைத்தது மீன்முள்போல் வந்தது. லாடம் வைத்தது பிறைபோல் வந்தது. ஒரு மாணவன் துணி மட்டும் இரும்பு வையாமலே முழுதும் சாம்பல்நிறமாகிவிட்டது. அவன் மனமுடைந்து, தன் துணி கெட்டதென்றான். ஆராய்ந்தபோது, அவன் கடுக்காய்நீர் ஊறவைத்தது துருவேறிய பழைய வாளியில் என்று தெரிந்தது. காரணம் தெரிந்தபின் வகுப்பார் அனைவர்க்கும் அந்நிறத்தின்மேல் ஆசை பிறந்தது! அடுத்த வாரம் வேண்டுமென்றே அவ்வாளியைத் தேடினர். தற்செயல் முதன்முறை விபத்தாக வருகின்றது. காரணத்தை ஆராய்ந்து ஏட்டிற் குறித்தவனுக்கு இரண்டாம் முறை அது கருவியாகின்றது. ஆகவே நீர் எங்கே எடுத்தது, எத்தனை நாழிகை ஊறியது, இரும்பு எத்தகையது என்பனவற்றைக் குறித்துவைத்தலை யாம் கட்டாயமாக்கினோம். நம் மாவட்டத்துக் கிணற்றுநீர் பலவிடத்துக் கடினநீர்; ஒரே கடுக்காய் மழைநீரில் ஒரு நிறமும் கிணற்றுநீரில் வேறொரு நிறமும் காட்டக்கூடும்.

வேறொருத்தி மூன்று நாள் கட்டுப் பிரியாமல் விட்டுவிட்டாள். கருமை மிக ஆழ்ந்து அழகாயிருந்தது. ஆனால் மடிப்பைப் பிடித்து இழுத்தபோது துணி கிழிந்தது. இரும்பு மிகுந்தால் பருத்தியிழை நைந்துபோகும் என்பதை அத்துணி எல்லார்க்கும் கற்பித்தது. தற்செயலை வரவேற்கலாம்; பொருள் தன் தொழிலைச் செய்யாதவாறு கெடுக்கும் தற்செயலை வரவேற்றல் ஆகாது.

நெருப்பும் இத்தகைய கூட்டாளியே. முன்பு தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து 2004இற் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறை என்னும் ஊர் உண்டு. அங்கே அகழ்ந்து கண்ட இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டபோது, கருப்பு சிவப்புப் பானைகளும் புதிய கற்காலத்தின் பிற்பகுதியிலேயே தோன்றிவிட்டமை உடன் அறிவிக்கப்பட்டது. அப்பானைகளின் உட்புறமும் வாய்ப்பக்கமும் கருப்பு, புறம் சிவப்பு. வாயைக் கீழாகக் கவிழ்த்துச் சாம்பலும் இலைதழையும் சூழச் சுட்டதனால், காற்றுப் புகாத பக்கம் கருத்து, காற்றுப்பட்ட பக்கம் சிவந்தது என்று அறிஞர் விளக்குவர். இருநிறமும் சந்திக்கும் எல்லை எந்தப் பானையிலும் கோடு கிழித்தாற்போல் இராது. புகை நின்ற இடமே எல்லை. குயவர் அதனை விரும்பியே நூற்றாண்டுகள் பல அவ்வாறு சுட்டனர். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டச்சாலையிலும் இக்கொள்கையின் வேறொரு கிளையைக் காணலாம். ஸ்மித் அம்மையார் பயின்ற ஜப்பானிய பிஸென் ஊரில், பாண்டத்துக்கு மெருகு பூசாமல், விறகுச் சாம்பலும் தீயும் இட்ட வடுவையே அணியாகக் கொள்வர். ஆயினும் பாண்டத்தைச் சூளையில் எவ்விடத்து வைப்பது என்பதை அங்கே எவரும் தற்செயலுக்கு விடுவதில்லை.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் எழுந்த சோழமண்டல ஓவியர் ஊரில், ஓவியர் தம் வயிற்றுக்குப் பாத்திக் முதலிய கைத்தொழில் செய்தே காலங்கழித்தனர். பாத்திக்கில் மெழுகு பூசிய துணியைச் சாயத்தில் அமிழ்த்துவர். மெழுகு வெடித்த இடத்திற் சாயம் நுழைந்து நரம்புபோல் ஓடும். எவ்வளவு கசக்குவது என்பது கையின் முடிவு. எவ்வழி வெடிப்பது என்பது மெழுகின் முடிவு.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. குறையும் அழகே என்னும் கொள்கை பரவியதும், வணிகர் சிலர் அதனை விலைச்சீட்டில் எழுதத் தொடங்கிவிட்டனர். இயந்திரத்திலேயே கோணற்றையல் போட்டுக் கைவேலை என விற்போரும் உண்டு. அக்கோணலில் யாரும் எதனையும் எண்ணவில்லை, எதனையும் பிரித்து மீளத் தைக்கவில்லை. மற்றொருபுறம், கைவேலையின் கோணலைப் பாராட்டிப் பேசும் அதே வாய், பொருளை வாங்குமிடத்து ‘இது முன்னதுபோல் இல்லை’ என்று திருப்பி அனுப்புதலும் உண்டு. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்ணுக்கு அவ்வாறு திரும்பிய துண்டு நான்கு நாட் கூலி. அளவுகோலைப் பிடித்த கை எதுவாயினும், அதன் பிழைக்கு விலை கொடுப்பவள் அவளே. எம் கையில் அளவுகோல் இருந்தபோது யாமும் அதனையே செய்தோம். எமது பிழையினால் அம்மாணவிக்குப் போனது ஒரு பரிசு மட்டும்.

காட்சிக்குரிய மதிப்பெண் தாளை இப்பொழுது மாற்றி எழுதியிருக்கின்றோம். ‘அளவு’ என்றிருந்த இடத்தில் ‘செய்தவரைக் கேட்டு, அவர் கொண்ட கணக்கின்படி பார்க்க’ என எழுதினோம். ‘நிறம்’ என்றிருந்த வரியை அடித்துவிட்டோம். ‘உட்புறம் திருப்பிப் பார்க்க’ என்பது புதிய வரி. தேர்வாளர் செய்தவரோடு உரையாடாமல் மதிப்பெண் இடலாகாது என்றும் சேர்த்தோம். இதனால் நேரம் மிகும் என்று ஆசிரியர் சிலர் குறைகூறினர், உண்மைதான், மிகும்.

பரிசு முன்னரே வழங்கப்பட்டுவிட்டமையால் அதனை மாற்ற இயலவில்லை. அம்மாணவியிடம் எம் தவற்றைச் சொல்லி வருந்தினோம். அவள் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ஊசியும் நூலும் தரும்படி கேட்டு, எம் அறையிலேயே நின்று, அவிழ்ந்திருந்த அந்த முனையை முடிந்தாள். இப்பொழுது அப்பையிலே புத்தகம் கொண்டுவருகின்றாள்.